பவுலு அச்சில் ஈயமீன்

அன்றைக்கு அடுக்களையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், நாசி கண்டார் சோறு விற்கிற காதர் அண்ணே, அவர் பின்னாலேயே வந்துவிட்ட ஒரு மஞ்சள் பூனை. வேறு யாரும் இல்லை. வீட்டுச் சொந்தக்காரி பாத்திமா அக்கா பசாருக்குக் காய் வாங்கப் போயிருந்தார். அவர் மகள் சுபைதா முன்னறையில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுக்களைப் பக்கம் வரவே இல்லை. என்ன இது, போலீஸ் வாக்குமூலம் மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். யாராவது வந்து விசாரித்தால் இப்படித்தான் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேன். யாரும் விசாரிக்க வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

போன வாரம் ஜுருவிலிருந்து மருமகன் வந்தார். வந்தவர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பெருவிரல் நீளத்துக்கு ஒரு ஈயமீன். வெள்ளிப் பூச்சு, நீல முதுகு, வாலில் கொக்கி. கடையில் இருபத்தெட்டு வெள்ளியாம். கையில் வாங்கினேன். அந்தக் கனம் உள்ளங்கையில் உட்கார்ந்ததும் கரியும் ஈயமும் காய்கிற வாசனை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. "அத்தே, வாயில கீயில வெச்சிராதீங்க, ஈயம்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரிடம் வந்து சொல்கிறார் பாருங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் தூண்டில் போடுகிறவனுக்கு மீனைவிட இரைதான் பெரிய சிக்கல். கொக்கியில் குத்த ஓர் இறால் வேண்டும். கையில் இறால் கிடைத்தவன் எதற்குக் கடலுக்குப் போகிறான்? இறாலை வறுத்துத் தின்றுவிட்டு வீட்டில் படுத்திருப்பான். என் வீட்டுக்காரர் துறைமுகக் கிட்டங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். கிட்டங்கி மூடிய பிறகு அவருக்கு எழுதக் கணக்கும் இல்லை, பேச ஆளும் இல்லை. விற்கச் சோறு இல்லாத காதர் அண்ணே வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டே யோசனை பண்ணுவார்கள். சண்டைக்கு முன்னால் ஒரு கப்பல்காரன் வெறும் ஈயத்தில் செய்த மீனைக் கடலில் இறக்கி, வெட்டி வெட்டி இழுத்து, கூடை நிறைய மீன் பிடித்ததை இவர் பார்த்திருக்கிறார். இரையே வேண்டாம். மீனை ஏமாற்றினால் போதும். அந்த ஊரில் அப்போது ஏமாறாமல் மிச்சம் இருந்தது மீன் மட்டும்தான் என்று காதர் அண்ணே சொன்னார்.

ஈயத்துக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்துக் கைகழுவும் தொட்டிக்கு அடியில் முழ நீளத்துக்கு ஓர் ஈயக்குழாய் இருந்தது. இவர் அதை அறுத்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மூங்கில் துண்டைச் செருகினார். அதற்குப் பிறகு யார் கை கழுவினாலும் காலும் சேர்ந்து கழுவப்பட்டது. குழாய் பாத்திமா அக்காவுடையது, தொட்டி பாத்திமா அக்காவுடையது, வீடே அவருடையது. இவருக்கு வேலை போனதிலிருந்து ஐந்து மாதமாக வாடகை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. நாங்கள் இருந்தது அந்த மனுஷியின் நல்ல மனசில்தான், கூரை என்பது சும்மா பெயருக்கு.

வார்க்க ஓர் அச்சு வேண்டும். முதலில் மரவள்ளிக் கிழங்கைக் குடைந்து அதில் ஊற்றிப் பார்த்தார்கள். ஈயம் சீறியது, கிழங்கு வெந்து வாசனை கிளம்பியது, மூன்று பேருக்கும் பசி வந்ததுதான் மிச்சம். அப்போதுதான் காதர் அண்ணே சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அங்கே பாத்திமா அக்காவின் பவுலு அச்சு தொங்கிக்கொண்டிருந்தது. பவுலு என்றால் முட்டையும் மாவும் சீனியும் அடித்து ஊற்றி, மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுகிற குட்டிக் கேக். அந்த அச்சு கனமான பித்தளை. அவர் அம்மா கொடுத்த சீதனம். ஏழு குழி. ஏழும் மீன். கொழுத்த, செதில் வைத்த, கன்னம் உப்பிய மீன்கள்.

"அச்சு சும்மாத்தானே தொங்குது. முட்டை எங்க இருக்கு, மாவு எங்க இருக்கு? சண்டை முடியற வரைக்கும் அதுக்கு வேலை இல்ல லா" என்றார் காதர் அண்ணே.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன். இவர் என்னைப் பார்த்தார். "கேட்டா இல்லேம்பாங்க. கேக்காட்டி இல்லேன்னு சொல்ல மாட்டாங்கல்ல?"

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஐந்தாம் வகுப்புக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில் பெரிய வாத்து ஒன்று இருந்தது, அதற்குப் பயந்து நின்றேன். வாத்துக்கே பதில் சொல்லத் தெரியாதவள், இந்த மாதிரி வாதத்துக்கு என்ன பதில் சொல்வேன்?

ஈயத்தைப் பால் டின்னில் போட்டுக் கரி அடுப்பில் உருக்கினார்கள். மேலே மிதந்த கசடைக் கரண்டியால் ஒதுக்கினால் உள்ளே நிலா மாதிரி மின்னியது. அச்சில் ஈயம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, குழிக்குள் விளக்குப் புகையைப் பிடித்துக் கறுப்பாக்க வேண்டும் என்று இவருக்குத் தெரிந்திருந்தது. விளக்கைப் பிடிக்கிற வேலை என்னுடையது. ஒன்று, இரண்டு, மூன்று என்று புகை காட்டிக்கொண்டே வந்தேன். என் மனசெல்லாம் விளக்கில் எரிகிற எண்ணெயிலேயே இருந்தது. அந்தச் சொட்டு எண்ணெய் இருந்தால் இரண்டு நாள் தாளிக்கலாம். ஆறாவது குழியோடு, போதும், ஏழாவதுக்கு என்ன பெரிய வித்தியாசம் என்று ஊதி அணைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஊற்றி ஆறவைத்துக் கவிழ்த்தபோது ஆறு மீன் டொக் டொக் என்று விழுந்தது. பூனை எழுந்து வந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. ஏழாவது மீன் விழவில்லை. தட்டினார்கள், குத்தினார்கள், காதர் அண்ணே அதனிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தார். கடைசியில் அச்சைக் கவிழ்த்துப் பிடித்து மறுபடி சூடாக்கியதும் ஈயம் ஒழுகி வந்தது. ஆனால் அந்த ஒரு குழி மட்டும் வெள்ளையாகிவிட்டது. உட்புறமெங்கும் ஈயம் பூசியிருந்தது. மீனின் கண் இருக்க வேண்டிய பள்ளம் அடைந்தே போயிருந்தது. என் கொண்டை ஊசியால் அரை நாள் சுரண்டினேன். ஊசி வளைந்தது. விளக்குக் கரியைத் தடவி மறைத்து, இருந்த இடத்திலேயே மாட்டிவைத்தோம்.

அந்த ஆறு மீன்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் செதிலும் கன்னமுமாக மீன், மறுபக்கம் தட்டையாகப் பலகை. ஜெலுத்தோங் கரையில் தண்ணீரில் இறக்கினால் அது நீந்தாது. மயக்கம் போட்டவன் மாதிரி சுற்றிச் சுற்றிக் கீழே போகும். கயிறு முறுக்கிக்கொண்டு, அதைப் பிரிக்கவே பாதிப் பகல் போய்விடும். மீன்கள் பயந்து ஓடியிருக்கும், அல்லது சிரித்திருக்கும். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள், என்ன நினைத்ததோ, முழங்கை நீளக் கொடுவா ஒன்று வந்து கவ்வியது. பாதியைப் பாத்திமா அக்காவுக்குக் கொடுத்தோம். எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.

ஆறிய மனசு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. சுபைதாவுக்குப் புக்கிட் மெர்தாஜாமில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நிச்சயத்துக்கென்று பத்து காவான் என்கிற ஊரிலிருந்து பாத்திமா அக்காவின் தம்பி ஒரு டஜன் முட்டையும் ஒரு டின் கோதுமை மாவும் எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு டஜன் முட்டை என்றால் தெருவே வந்து பார்க்கும். அக்கா சந்தோஷமாகச் சுவரிலிருந்து அச்சை இறக்கினார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இவரிடம் சொன்னேன். "சொல்லிட்டு எங்க போய் நிக்கிறது? வாடகை கேக்காத மனுஷிய வீட்டக் காலி பண்ணுன்னு கேக்க வெச்சிராத" என்றார். ஈயம் தின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

நிச்சயத்தன்று காலை முழுக்க எங்கள் அறைச் சுவரில் காதை வைத்து, அடுக்களையில் அச்சு மூடியைப் போடுகிற சத்தத்தை எண்ணினேன். பத்துத் தடவை. தடவைக்கு ஒன்று என்றால், கண்ணில்லாத மீன் பத்து. வேறு யார் வயிற்றுக்குள்ளும் அது போகக்கூடாது. போனால் நாங்கள்தான் கொலைகாரர்கள். ஆண்கள் பக்கத்தை இவரும் காதர் அண்ணேயும் பார்த்துக்கொள்வது, பெண்கள் பக்கம் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

சீனியும் முட்டையும் கண்ணில் பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆன ஜனங்கள். தட்டு வந்ததும் எல்லாரும் மரியாதைக்காக ஒன்றே ஒன்று எடுத்து, அதையும் கடித்துக் கடித்து அரை மணி நேரம் தின்கிறார்கள். நடுவில் நான். தட்டு போகிற இடமெல்லாம் போனேன். ஒவ்வொரு மீனாகத் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். கண்ணில்லாததை எடுத்து வாயில் போட்டேன். இப்படி நாலு. இரண்டை முந்தானையில் முடிந்தேன். ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு தன் குழந்தையைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்தாள். ஜன்னல் வழியாக இவர் இரண்டு விரல் காட்டினார். காதர் அண்ணே ஒரு விரல் காட்டினார். அதைத் தின்றுகொண்டே காட்டினார். மொத்தம் ஒன்பது.

பத்தாவது, சம்பந்தியம்மாள் கையில் இருந்தது. அவர் அதை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். நான் குறுக்கே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அதக் குடுங்க. எனக்கு அதுதான் வேணும்."

"தட்டுல இன்னும் இருக்கேம்மா?"

"அதுதான் வேணும்."

நான் பிடியை விடவில்லை. பாத்திமா அக்கா எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். வெளுத்துப்போன முகம், வேர்வை, வாயோரம் கேக்குத் தூள். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"குடுத்துருங்க சம்பந்தி. புள்ளத்தாச்சி ஆசப்பட்டுக் கேக்குது."

அவ்வளவுதான். சம்பந்தியம்மாள் அந்தப் பவுலுவோடு தட்டிலிருந்து கண்ணுள்ளவை இரண்டையும் என் மடியில் போட்டார். பெண்கள் எல்லாரும் என்னைத் தொட்டுத் தொட்டு எத்தனை மாதம் என்று கேட்டார்கள். நான் வாய் நிறைய ஈய மீனோடு தலையை ஆட்டினேன்.

அன்று முதல் ஒரு வாரம் என் சாவுக்காகக் காத்திருந்தேன். "அந்தக் கொடுவா ஈயத்த முழுசாக் கவ்விச்சே, செத்தா போச்சு?" என்றார் இவர். "செத்துத்தானே நம்ம சட்டிக்கு வந்துச்சு" என்றேன். நான் சாகவில்லை. வேறொன்று நடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பாத்திமா அக்கா எனக்கு ஒரு முட்டை அனுப்ப ஆரம்பித்தார். அவர் வீட்டில் யாரும் முட்டை தின்று நான் பார்க்கவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். எட்டு வாரம் வாங்கினேன். ஒவ்வொன்றும் தொண்டையில் ஈயமாக இறங்கியது. எட்டாவது வாரம் தாங்க முடியாமல் அவரிடம் போய், "அக்கா, இல்லேன்னு ஆயிருச்சு" என்றேன். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என்ன விஷயத்துக்கு அழுகிறேன் என்பது எங்கள் இரண்டு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த வெள்ளியும் ஒரு முட்டை வந்தது. உடம்பு தேற வேண்டுமாம்.

யுத்தம் முடிந்து என் மூத்த மகள் பிறந்தபோது அவர் பார்க்க வந்தார். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "போனது திரும்பி வந்துருச்சு லா" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு சந்தோஷமாக இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

ஈய மீன்கள் ஒவ்வொன்றாக ஜெலுத்தோங் பாறைகளில் சிக்கி அறுந்துபோயின. அந்தப் பாறைகளையும் மண் போட்டு மூடி, இப்போது மேலே கார்கள் ஓடுகின்றன. அச்சு சுபைதாவோடு புக்கிட் மெர்தாஜாம் போனது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டை இடித்துவிட்டார்கள். காதர் அண்ணே இல்லை, இவர் இல்லை, பாத்திமா அக்காவும் போய் வெகுகாலம் ஆகிறது. வாடகைப் பாக்கியைச் சண்டை முடிந்த வருடமே தீர்த்துவிட்டோம், குழாய்க்கும் சேர்த்து. அவருக்குத் தீர்க்காமல் மிச்சம் இருப்பது ஒன்பது முட்டை. இன்றைக்குக் கடையில் முட்டை ஒன்று ஐம்பது காசு. நாலு வெள்ளி ஐம்பது காசு.