லேமினேட் போட்ட மருந்துச் சீட்டு

அரியலூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கையில் கிடைக்கிற எந்தத் தாளும் கிழியக் கூடாது. ஆதார், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் என்று எல்லாவற்றையும் லேமினேட் போட்டால்தான் எனக்கு மனசு ஆறும். என் மருந்துச் சீட்டையும் அப்படித்தான் போட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் எனக்குச் சைனஸ் வந்தது. குனிந்தால் நெற்றிக்குள் கல் உருளுகிற மாதிரி வலி, மஞ்சள் சளி. உள்ளூர் டாக்டர் மாத்திரையோடு மூக்கில் விடும் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். சொட்டை விட்ட இரண்டாவது நிமிடம் மூக்கு திறந்துகொண்டது. அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! இப்பேர்ப்பட்ட சீட்டு தொலைந்துபோனால் என் கதி என்ன ஆவது என்று அன்றைக்கே லேமினேட் போட்டுப் பர்சில் வைத்துக்கொண்டேன்.

பளபளவென்று இருக்கிற சீட்டுக்கு மரியாதையே தனி. மருந்துக்கடையில் யாரும் தேதியைப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை, வேறு யாரைச் சொல்ல? சளி மஞ்சளானால் மாத்திரை வாங்குவேன், இரண்டு நாளில் குறைந்துவிட்டால் மீதியை அடுத்த தடவைக்கு எடுத்துவைப்பேன். சொட்டு மருந்து மட்டும் தினப்படி ஆகிவிட்டது. முதலில் காலையும் மாலையும். பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. சட்டைப்பையில் ஒன்று, கடை மேசையில் ஒன்று, பைக் பெட்டியில் ஒன்று என்று மூன்று பாட்டில் வைத்திருந்தேன்.

என் மனைவி பழியைத் தூக்கித் தயிர்மேல் போட்டாள். "தலைக்கு ஊத்தாதீங்க, தயிரத் தொடாதீங்க. தலையில நீர் கோத்துருக்கு" என்பாள். ஒரு பாவமும் அறியாத தயிரை மூன்று வருடம் ஒதுக்கிவைத்தேன். மூக்கு திறக்கவில்லை.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனோம். கம்பித் தடுப்புக்குள் வரிசை, முன்னாலும் பின்னாலும் ஆட்கள். பாதி வழியில் மூக்கு அடைத்தது. சட்டைப்பையைத் தடவினேன், பாட்டில் இல்லை. பேன்ட் பையிலும் இல்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டும் போதவில்லை. மனைவியை அப்படியே விட்டுவிட்டு, கம்பிக்கு அடியில் குனிந்து வெளியேறி, ரோட்டோர மருந்துக்கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் சாமி கும்பிடாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஊத்திக்கிட்டீங்களா?" என்றாள். அங்கிருந்தே என்னைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

பெரம்பலூரில் மூக்கு டாக்டர் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொட்டு மருந்து அஞ்சு நாளைக்கு மட்டும்னு எழுதியிருக்கே. எவ்வளவு நாளா விடுறீங்க?"

"மூணு வருசமா, சார்."

அவர் சிரிக்கவில்லை. "அன்னைக்கு வந்த சைனஸ் அப்பவே சரியாயிருக்கும். இப்ப மூக்க அடைக்கிறதே இந்த மருந்துதான். விட விட உள்ள வீங்கும், வீங்குனா மறுபடி விடுவீங்க. சளி மஞ்சளா வந்தா உடனே ஆன்டிபயாடிக் மாத்திரை போடணும்னும் இல்ல."

மூக்கைக் கழுவ உப்புத் தண்ணீரும், மெதுவாக வேலை செய்யும் வேறொரு ஸ்பிரேயும் எழுதினார். இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லா பாட்டிலையும் மனைவியிடம் கொடுத்தேன். "நான் கெஞ்சுனாலும் குடுக்காத" என்றேன். சாக்கடையில் கொட்டியிருக்கலாம். மனசு வரவில்லை.

நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். கடைக்கு வந்தவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். ஐந்தாம் நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. மென்றால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் மெல்ல முடியவில்லை. பாட்டிலைக் கேட்டேன்.

"நீங்கதானங்க குடுக்காதன்னு சொன்னீங்க?"

"நான் செத்தாத்தான் ஒனக்கு நிம்மதியா?" என்று கத்தினேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். பாட்டிலைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இந்த மூக்கிலும் அந்த மூக்கிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். காற்று வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டேன்.

அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் கேப்பீங்களா?" என்றாள்.

கேட்பேன் என்று எனக்குத் தெரியும். அவள் மறுபடி கொடுத்துவிடுவாள் என்பதும் தெரியும்.

"இல்ல" என்றேன்.