கணக்கில் சேராத பல்பு

என் வீட்டு ஹாலுக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரில் இருக்கும் மரப்பலகையைத்தான். அதில் இருபது பச்சை பல்புகள் வரிசையாக எரியும். அவற்றுக்குக் கீழே, தனியாக, ஒரு மஞ்சள் பல்பு இருக்கிறது. அது எரியாது. போன வாரம் சென்னையிலிருந்து என் மகன் அனுப்பிய ஆள் ஒருவர் வந்தார். எந்த அறையில் எவ்வளவு கரண்டு போகிறது என்று போனில் படம் போட்டுக் காட்டும் கருவியை மாட்ட வந்தவர். வேலையை முடித்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். “ஐயா, கீழ உள்ளது ஃப்யூஸ் போயிருக்கு. மாத்திரவா?” என்றார். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று அவரை உட்காரவைத்தேன். அந்தப் பலகையைச் செய்த வயர்மேனைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. படித்தவர்கள் பலர் இன்று என்னிடம் வேலை பார்க்கிறார்கள். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டினேன், பிறகு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். வெடிமருந்து கையாளும் அறைக்குள் கரண்டு கிடையாது. கதவு வழியாக வருகிற வெயில்தான் வெளிச்சம். மேகம் மூடினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாது, வேலை நின்றுவிடும். என் வீடு என்று ஒன்று வந்தால் அதில் விளக்கு அணையவே கூடாது என்று அந்த அறையில் உட்கார்ந்துதான் நினைத்தேன். நினைத்ததைச் செய்தவன் நான். ஒரே ஒரு பழைய மெஷினில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடித்து ஆரம்பித்தேன். இப்போது காலண்டர் சீசன் வந்தால் மூன்று மெஷின் ஓயாமல் ஓடும். சிவகாசி ரோட்டில் இந்த வீட்டைக் கட்டிய புதிதில் பட்டப்பகலிலும் வாசல் விளக்கு எரியும், ஆள் இல்லாத அறையிலும் ஃபேன் சுற்றும். யாராவது கேட்டால், எரியட்டும் என்பேன்.

வயர்மேன் ஆமத்தூர்க்காரன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன். பிரஸ்ஸுக்கும் வீட்டுக்கும் வயர் இழுத்தது அவன்தான். அவன் அம்மா நர்ஸாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு என் வீட்டுக்கு வருவான். வந்ததும் ஒவ்வொரு அறையாக எட்டிப்பார்த்து, வீணாக ஓடுவதையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் உட்காருவான். “தண்ணித் தொட்டி வழிஞ்சா சத்தம் கேக்குது அண்ணாச்சி. கரண்டு வழிஞ்சா யாருக்குத் தெரியுது?” என்பான். முதலில், ஆகிற கரண்டை எண்ணாகக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். என் மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இந்தக் கடியாரம் இம்புட்டுத் தப்பா ஓடுது?” என்றாள். அவன் சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான். ஒரு மாதம் கழித்து இந்தப் பலகையோடு வந்தான். மெயின் வயரைச் சுற்றிக் கரண்டை அளக்கும் வளையம் ஒன்று போட்டான். கரண்டு கூடக் கூடப் பல்புகள் ஒவ்வொன்றாக எரியும். இருபதும் எரிந்தால் வீண் அதிகம் என்று பொருள். எழுத்தும் எண்ணும் வேண்டாம், பார்த்தாலே தெரியும் என்றான்.

ஆனால் என்னை அவன் சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை. சம்பந்தி வீட்டார் வந்த அன்று மூன்று ஏசி, மோட்டார், கிரைண்டர் எல்லாவற்றையும் ஓடவிட்டேன். இருபதும் எரிந்தன. “பாத்தீகளா, எல்லாம் நம்ம வீட்டுக் கரண்டு!” என்று மார்தட்டினேன். வயர்மேன் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வந்து பலகையின் பின்பக்கத்தைத் திறந்து என்னவோ மாற்றினான். “ஒங்களுக்கு எரியுறதுதான் பிடிக்கும் அண்ணாச்சி. எரியட்டும். ஆனா இனிமே அணைச்சாத்தான் எரியும்” என்றான். அன்றிலிருந்து செலவு குறையக் குறையப் பல்பு கூடியது. அவன் வைத்த அந்தப் பொறியில் நான் விழுந்தேன். இருபதும் எரிய வேண்டும் என்பதற்காக அறை அறையாகப் போய் அணைத்தேன். “ஒத்தப் பல்பு எரியணும்னு ஃபேனை நிப்பாட்டிட்டு வேர்த்து வடியிறீகளே, ஒங்களை என்னன்னு சொல்ல!” என்று என் மனைவி கேலி செய்தாள். வருகிறவர்களிடமெல்லாம் என் வீட்டைப்போல இந்த ஊரில் இன்னொரு வீடு கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் ஒன்றை டாக்டர் வீட்டில் வைக்கச் சொன்னார். நாள் முழுவதும் ஓட வேண்டும். அது ஓடத் தொடங்கியதும் ஹாலில் இரண்டு பல்பு அணைந்தது. “ரெண்டு போச்சே” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அடுத்த அறையில் படுத்திருந்தவள் காதில் அது விழுந்தது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மதியம் மதுரையிலிருந்து பேப்பர் வியாபாரிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பலகையில் இருபதும் எரிந்தன. நான் வழக்கம்போலப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். வயர்மேன் ஏதோ வேலையாக உள்ளே வந்தான். பலகையைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

“அண்ணாச்சி, மதினி எங்க?”

“உள்ளதாம்லே படுத்திருக்கா.”

“மிஷின் ஓடுனா இருபது எரியாதே!”

சொல்லிக்கொண்டே ஓடினான். பின்னால் நான் ஓடினேன். கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சுவிட்சை அணைத்திருந்தாள். வயர்மேன் அதைப் போட்டு, குழாயை அவள் மூக்கில் சரியாக வைத்து, தோளைத் தாங்கிக்கொண்டான். அம்மாவிடம் கற்றிருக்க வேண்டும். வெகுநேரம் கழித்து அவள் என்னைப் பார்த்து, “வந்தவுக போகட்டும்னு இருந்தேன்” என்றாள். யார் வந்தாலும் அப்படித்தான் அணைத்துவைத்திருக்கிறாள். வியாபாரத்தில் ஒருவன் முகத்தைப் பார்த்தே மனதைச் சொல்லிவிடுவேன் என்று இன்றுவரை பீற்றிக்கொள்கிறவன் நான். கண்ணுக்கு நேரே இருபதும் எரிந்தன, எனக்குப் புரியவில்லை.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தரையில் உட்கார்ந்தான். “தப்பு என்னுது மதினி. ஏசியையும் ஒங்க மூச்சையும் ஒரே கணக்குல வச்சுட்டேன்” என்றான். அன்றைக்கே மிஷினுக்கு வளையத்துக்குள் போகாமல் தனி வயர் இழுத்தான். பச்சை வரிசைக்குக் கீழே இந்த மஞ்சள் பல்பை வைத்தான். மிஷின் ஓடினால் இது எரியும். “இது கணக்குல சேராது அண்ணாச்சி. இது அணைஞ்சா மட்டும் எந்திரிச்சு ஓடுங்க” என்றான். அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதும் பேப்பர் பார்த்ததும் அந்த மஞ்சள் பல்புக்கு எதிரேதான். வந்தவர்களிடம் பச்சையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். அவள் இரண்டு தீபாவளி பார்த்தாள்.

அவள் போன பிறகு மிஷினை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டோம். வயர்மேன் வந்தான், பலகையைப் பார்த்தான், எதையும் கழற்றாமல் போனான். போன மழைக்காலத்தில் அவனும் மாரடைப்பில் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்தில் ஒரு கைப்பிடி மண் போட்டேன். உயிரோடு இருந்தபோது அவனிடம் ஒரு தடவைகூட நன்றி என்று சொன்னதில்லை. எனக்கு அந்தச் சொல் பழக்கமில்லை.

கருவி மாட்டியதிலிருந்து மகன் போனில் கூப்பிட்டு, “அப்பா, நம்ம வீட்டுலதான் செலவு ரொம்பக் கம்மி” என்று சந்தோஷமாகச் சொல்கிறான். இருக்காதா? ஐந்து அறை வீட்டில் ஓடுவது என் தலைக்கு மேல் ஒரு ஃபேன். இருபது பச்சையும் இப்போது காலையிலிருந்து எரிகின்றன. அந்தக் காலத்தில் இதற்காக எவ்வளவு பாடுபட்டேன்.

ஃப்யூஸ் போயிருக்கிறது என்ற அந்த ஆளிடம் கடைசியில் பதில் சொன்னேன்.

“பல்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. அதைத் தொடாதீக.”