குழிக்கட்டைக்கு ரைட் கொடுத்தவன்

முப்பது வருஷம் நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சேலத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற்றம், மலையிலிருந்து சேலத்துக்கு இறக்கம். இதுதான் என் உலகம். அப்போதெல்லாம் டிக்கெட்டில் இடுக்கியால் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டிக்கெட் பயணிக்கு, உள்ளிருந்து உதிரும் பொடி வட்டம் பஸ் தரைக்கு. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த கோளாறைப் பாருங்கள். தகட்டில் ஓட்டை போட்டு, வட்டத்தைப் பத்திரப்படுத்தி, ஓட்டையை மூலையில் வீசுகிற வேலையில் இறங்கினேன்.

ஆசைப்பட்டு இறங்கினேன் என்றால் அது பொய். வாய்க்கொழுப்பு இறக்கிவிட்டது.

என் மனைவி பிறந்தது மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தபின் அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது ஒரே அண்ணன்தான். அந்த அண்ணனின் மனைவிக்கு, அதாவது இவளுடைய அண்ணிக்கு, ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காதைப் பார்ப்பாள். என் மனைவியின் தங்க ஜிமிக்கியை விற்றுத்தான் மலைமேல் எங்கள் காட்டில் போர் போட்டோம். தண்ணீர் வரவில்லை, புழுதி வந்தது. அதிலிருந்து அவள் காதில் பாசிமணித் தோடுதான். போன வருஷம் அங்கே ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது, "ஏங் கண்ணு, இன்னும் அந்தப் பாசிதானா?" என்று அண்ணி கேட்டுவிட்டாள். கேட்டதில் குத்தல் இருந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாகவே பஸ் குரலாகிவிடும். "அடுத்த விசேஷத்துக்கு இவ காதுல வெள்ளி ஜிமிக்கி ஆடும். கடையில வாங்கறதில்ல. நானே என் கையால அடிச்சுப் போடறேன்" என்று கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பந்தியில் சாம்பார் வாளி அப்படியே நின்றது.

திரும்பி வரும்போது பஸ் பாதி மலை ஏறியிருந்தது. மனைவி என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, உங்களுக்கு ஒழுங்கா ஒரு ஆணி அடிக்க வருமா?" என்றாள்.

"பழகிக்கலாம்."

"நீங்க பழகுவீங்களோ மாட்டீங்களோ. அத்தன பேரு முன்னால சொல்லிப்போட்டீங்க. இனி ஜிமிக்கி இல்லாம நான் அந்த வாசப்படிய மிதிக்க முடியுமா? எங்கண்ணன் ஊட்டுக்கே என்னையப் போகவுடாமப் பண்ணிட்டீங்க."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவள். சொன்னால் சொன்னபடி நிற்கிறவள்.

போனில் வீடியோ பார்த்து ஆரம்பித்தேன். ஜிமிக்கிக்கு வேண்டியது ஒரு குடை. தகட்டில் வட்டம் வெட்டி, அந்த வட்டத்தைக் குழியில் வைத்து, மேலே உருண்டைத் தலை உள்ள உளியால் தட்டினால் குடை வந்துவிடும். பார்க்கும்போது தோசை வார்ப்பதைவிடச் சுலபமாக இருந்தது. என் பழைய டிக்கெட் இடுக்கியால் மெல்லிய செம்புத் தகட்டில் ஒரு வட்டம் எடுத்தேன். எலிக்குக் காது குத்தினால் போடலாம், அந்த அளவு. கத்திரியால் பெரிய வட்டம் வெட்டினேன். அது வட்டம் என்று நான் மட்டும்தான் சொன்னேன். மனைவி காய் நறுக்கும் பலாமரப் பலகையில் ஒரு குழி தோண்டி, போல்ட் தலையால் அடித்தேன். மிதிபட்ட புளியங்கொட்டை மாதிரி ஒன்று வந்தது. பலகைக்காக வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

தை மாதம் மச்சான் புது வீடு கட்டிப் பால் காய்ச்சுவதாகத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விசேஷம். அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் சேலத்துக்குக் கருவி வாங்கக் கிளம்பினேன் என்றால் என் சுறுசுறுப்பு உங்களுக்குப் புரியும். ஜிமிக்கி எந்த அளவில் வேண்டும் என்று மனைவியிடம் கேட்டேன். அவள் மரத்தடிக்குப் போய் ஒரு மலை நெல்லிக்காயைப் பொறுக்கி வந்து என் சட்டைப் பையில் போட்டாள். "இதுல பாதி" என்றாள்.

தங்க வேலைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடை, ஒரு ஆள் நடக்கிற அகலம். கல்லாவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு நெல்லிக்காயை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன். அவள் நெல்லிக்காயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குழிக்கட்டைங்களா?"

அவள் இரண்டு எடுத்து வைத்தாள். ஒன்று பகடை மாதிரி இரும்புக் கட்டி, ஆறு பக்கமும் குழிகள். இன்னொன்று பட்டையாக, மேலே மட்டும் பெரிதிலிருந்து சிறிது வரை வரிசையாகக் குழிகள். பட்டைக் கட்டையின் ஒவ்வொரு குழியிலும் நெல்லிக்காயை வைத்து வைத்துப் பார்த்து, ஒன்றில் சரியாக உட்கார்ந்ததும் நிமிர்ந்தேன். கூடவே பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து இரண்டு கட்டையிலும் தட்டிப் பார்த்தேன். கள்ளக்காசைச் சத்தத்தில் கண்டுபிடித்த காது இது.

"கோயில் மணி இல்லீங்க அது" என்றாள். "உள்ள வழவழப்பா இருக்குதான்னு வெரலவுட்டுப் பாருங்க. குழியில ஒரு கீறல் இருந்தா அது அப்புடியே வெள்ளியில விழும்."

விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டுமே வழவழவென்றுதான் இருந்தன. பகடைக் கட்டைதான் எல்லாரும் வாங்குவது என்றாள். நான் பட்டையானதை எடுத்தேன். எழுபது வளைவு ஏறுகிற பஸ்ஸில் உருளுகிற சாமானை எவன் ஏற்றுவான்? இதை அவளுக்கு விளக்கியும் சொன்னேன். தலையாட்டினாள்.

அடுத்தது வட்டம் வெட்டுகிற கருவி. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடித்த இரும்புப் பலகை, நடுவில் மெல்லிய இடைவெளி. இடைவெளியில் தகட்டைச் சொருகி, மேலே உள்ள வட்டத் துளையில் இரும்பு உருளையை இறக்கி ஓங்கி ஒரே அடி. மலிவில் ஒன்று இருந்தது, எனக்கு அதன்மேல்தான் கண். அவள் அதன் உருளையைத் துளையில் இறக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ஓரத்தில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. "இது லொடலொடன்னு இருக்குதுங்க. வெட்டுனா ஓரமெல்லாம் பிசிறடிக்கும். அந்தப் பிசிறு காதக் கிழிக்கும்." கிழியப்போகிற காது யாருடையது என்று நினைத்ததும் நல்லதையே எடுக்கச் சொன்னேன்.

நெல்லிக்காய் அளவுக்கே வட்டம் வெட்டினால் போதும் என்று நான் சாதித்தேன். குழிக்குள் இறங்கும்போது வட்டம் சுருங்கும், அதனால் இரண்டு அளவு பெரிதாக வெட்ட வேண்டும், முதலில் பெரிய குழியில் தட்டிப் படிப்படியாகச் சின்னக் குழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவள் சாதித்தாள். கால் மணி நேரம் வாதாடினேன். கடைசியில் ஒரு பழைய செம்புத் துண்டை வெட்டித் தட்டிக் காட்டினாள். என் மூக்கு உடைந்தது; ஆனால் குடை என்னமாய் வந்தது தெரியுமா. கையில் வாங்கிக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தேன்.

வெள்ளித் தகடு சரியாக இரண்டு வட்டத்துக்கு மட்டும் வாங்கினேன். தகட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரும்புச் சாமான்களை ஒரு அரிசிச் சாக்கில் கட்டி, பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளி, அசையாதபடி காலால் அணைத்துக்கொண்டேன். எங்கள் ஸ்டாப் சோளக்காடு வந்தது. பின்வாசல் வழியாக நாலைந்து பேர் இறங்கினோம். கண்டக்டர் முன்பக்கம் யாருடனோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் கீழே காலை வைத்தேன். ஆட்கள் இறங்கிவிட்டார்கள், படியில் யாரும் இல்லை, ரோடு காலி. என் கை தானாக எழுந்து பஸ் முதுகில் இரண்டு தட்டு தட்டியது. என் வாய் தானாக, "ரைட், போலாம்" என்றது.

டிரைவரும் எடுத்துவிட்டார்.

பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். ஒரு கையில் முறுக்குப் பொட்டலம். மறு கையில் ஒன்றும் இல்லை. முப்பது வருஷமாகச் சாமானை மறந்து இறங்குகிறவர்களைப் பார்த்து, "தலைய மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க" என்று நக்கல் அடித்த ஆள் நான். மார்க்கெட்டில் பலாப்பழம் விற்கிற பெண் ஒருத்தி அதையே திருப்பிச் சொன்னாள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

அது கடைசி வண்டி. மேலே கடைசி ஸ்டாப்பில் தங்கிவிட்டு மறுநாள்தான் இறங்கும். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி திட்டவில்லை. "சரி, அண்ணனுக்குக் காய்ச்சல்னு போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க" என்றாள். "யாருக்குக் காய்ச்சல்?" என்றேன். "எனக்குத்தான்." அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே போனேன். யாருடையது என்று தெரியாமல் கண்டக்டர் சாக்கை அங்கிருந்த டீக்கடையில் கொடுத்திருந்தார். நான் சாக்கைக் கேட்டதும் கடைக்கார அம்மா முறைத்தார்.

"பணியாரக் கல்லு உங்களுதுங்களா? இதென்னங்க கல்லு, ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு அளவு? காலையில எண்ணெயத் தடவி அடுப்புல வெச்சு மாவு ஊத்துனேன். ஒண்ணுகூட எந்திரிக்கல. மாவுதான் வீணாப் போச்சு."

குழிக்கட்டை அடுப்பு ஓரத்தில் கருகிய மாவோடு உட்கார்ந்திருந்தது. பகடைக் கட்டையை வாங்கியிருந்தால் எந்த மனுஷியும் அதில் மாவு ஊற்றியிருக்க மாட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அம்மாவிடம் டீ வாங்கிக் குடித்து, மாவு வீணானதற்கு நானே மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். மத்தியானத்துக்கு மேல் ஆரம்பித்தேன். வட்டம் இரண்டும் அச்சாக விழுந்தன. தகட்டைச் சூடுகாட்டி இளக்கி, பெரிய குழியில் தட்டி, அடுத்ததில் தட்டி, கடைசியில் நெல்லிக்காய்க் குழி. முதல் குடை வந்துவிட்டது. ஆர்வம் தாங்காமல் உடனே உச்சியில் துளை போட்டுக் கொக்கி மாட்டினேன். கொக்கி என்றால் வெறும் வளைந்த கம்பி. காதிலிருந்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். இரண்டாவது குடையை அதே மாதிரிதான் அடித்தேன். எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அது நல்ல ஆழம், முதலாவது தட்டை. குழிக்குள் பார்த்தேன். அடி வழவழவென்று இருந்தது; முதல் குடையோடு பெயர்ந்து வந்த ஒரு கறுப்புச் செதில் ஓரத்தில் கிடந்தது. கருகிய மாவு. இரும்பு நிறத்தில் இருந்ததால் நான் அதையும் இரும்பு என்று நம்பி முதல் குடையை அதன்மேல் அடித்திருக்கிறேன்.

முதலாவதை மறுபடி குழியில் வைத்து ஒரு தட்டு தட்டினேன். உச்சித் துளையில் மயிரிழை போல விரிசல் விட்டது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும். உடுங்க. இருக்கறதும் போயிரும்."

ஞாயிறு காலை இரண்டையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். "ஒண்ணு குடை, ஒண்ணு தட்டு" என்றாள். பஸ்ஸில் வழி முழுக்க இதே பேச்சு. "முப்பது வருஷம் ஒரே மாதிரி ஓட்டை போட்டீங்களே, ரெண்டே ரெண்டு குடை ஒரே மாதிரி அடிக்க வரலியா?" பணியாரக் கதையை முன் சீட்டுப் பெண்ணிடம் வேறு சொல்லிச் சிரித்தாள். அடிவாரம் நெருங்க நெருங்கச் சிரிப்பு நின்றுவிட்டது. "குடை இருக்கற இடது காத மட்டும் அண்ணிக்குக் காட்டிக்கறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

பால் பொங்கும்வரை சமாளித்தாள். அண்ணி எந்தப் பக்கம் வந்தாலும் இவள் தோளைத் திருப்பிக்கொண்டு இடது பக்கமாகவே நின்றாள். பந்தி நடக்கும்போது அண்ணி இரண்டு கையாலும் இவள் முகத்தைப் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. சுற்றி உறவுக்காரப் பெண்கள். நான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரசத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஏங் கண்ணு, ரெண்டும் ஒண்ணாட்டம் இல்லியே?"

என் மனைவி முகத்தை விடுவித்துக்கொண்டு நேராக நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

"கடையில வாங்குனா ஒண்ணாட்டம் இருக்குமுங்க அண்ணி. இது எங்கூட்டுக்காரரு எனக்குன்னு அடிச்சது."

நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரசம் காரம் என்று பக்கத்து இலைக்காரரிடம் பொய் சொன்னேன். அண்ணி ஜிமிக்கியை விரலால் ஒருமுறை ஆட்டிவிட்டாள். பிறகு குரலைத் தணித்து, "கழட்டிக் குடு கண்ணு, ஒருக்கா நான் போட்டுப் பாக்கறேன்" என்றாள்.

"கழட்ட வராதுங்க அண்ணி" என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை மிளகு பறிக்க மரத்தில் ஏணி சாத்தினோம். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். காதில் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"கொடியில மாட்டிக்கும் புள்ள. கழட்டி வெச்சுட்டு ஏறு" என்றேன்.

"கழட்ட வராதுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த படியில் காலை வைத்தாள்.