ஐந்து வரி அம்மா

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரேணுகாதேவிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடமாகத் தட்டச்சுதான் பிழைப்பு. யார் எழுதியதிலும் ஒரு கால், ஒரு கொம்பு கூட்டி அடித்ததில்லை என்று பெருமை பேசுவாள். அந்தப் பெருமைக்கும் ஒரு நாள் வேட்டு வந்தது பாருங்கள்!

சென்னையிலிருந்து வந்த இயக்குநர் ஹரி, பக்கத்து லாட்ஜில் அறை போட்டிருந்தார். இந்தக் கரிசல் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் பழைய நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்குகிறார்கள். ஹரி திரைக்கதையைக் கையால்தான் எழுதுவார். தினமும் காகிதக் கட்டு ரேணுகாவிடம் வரும், அடித்துக் கொடுப்பாள்.

அந்த நாவலில் பருத்தி எடுக்கிற ஒருத்தி ஐந்தே வரிக்கு வருகிறாள். மடி நிறையப் பருத்தியோடு நிமிர்ந்து, புறங்கையால் வியர்வையைத் துடைத்து, யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். அவ்வளவுதான். "அது உங்கம்மாதான்ட்டி. அந்த எழுத்தாளர் நம்ம புஞ்சைக்கு வந்து, பாத்துட்டுப் போயி எழுதுனது" என்று சித்தி சொர்ணத்தாய் அடித்துச் சொல்வாள். அம்மா இறந்தபோது ரேணுகாவுக்கு மூன்று வயது. ஒரு போட்டோ கிடையாது. அவளுக்கு இருந்த அம்மா அந்த ஐந்து வரிதான். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் கண்ணை மூடினால், சொந்த ஊரான புதூரின் கரிசலில் மாசி வெயில் நெளியும். அதற்குள் ஒரு சேலை அசைந்து அசைந்து போகும். முகம் மட்டும் வரவே வராது.

பருத்திக் காடு வரும் பகுதியில் ஹரி அந்தப் பெண்ணை விட்டுவிட்டார். ரேணுகா அந்தப் பக்கங்களை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாள். டி.வி.யிலாவது அம்மா நடமாடுவதைப் பார்க்கலாம் என்றல்லவா காத்திருந்தாள்! விரல் தானாக ஓடியது. ஐந்து வரியையும் ஒரு காட்சியாக்கி நடுவில் சொருகிவிட்டாள்.

மறுநாள் ஹரி கடைக்கே வந்துவிட்டார்.

"இந்தக் காட்சி நான் எழுதலையே அக்கா?"

"தப்புதான் சார். அது எங்கம்மா..." இருபத்தாறு வருடப் பெருமையும் போய், வாடிக்கைக்காரர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஹரி தண்ணீர் வாங்கிக் கொடுத்து, கதையைக் கேட்டார். "சரி, இருக்கட்டும். ஆனா சும்மா சிரிச்சாப் போதாது. பிள்ளையைப் பார்த்து ஏதாவது சொல்லணும். என்ன சொல்லுவாங்க?"

"அவிய பேசி நான் கேட்டதில்லையே சார்."

மூன்று நாள் யோசித்து ஒரு வரி அடித்துக் கொடுத்தாள். படப்பிடிப்பில் அம்மாவாக வந்த சென்னைப் பெண் ஐஸ்வர்யாவுக்கு நடிப்பு அழகாக வந்தது, இந்த ஊர்ப் பேச்சுதான் வாயில் நுழையவில்லை. கடைசியில் ஹரி ரேணுகாவையே பேசச் சொல்லிக் குரலைப் பதிவு செய்துகொண்டார்.

ஒளிபரப்பான அன்று மாலை, சித்தியோடு டி.வி. முன் உட்கார்ந்திருந்தாள். வெயில் நெளிந்தது. சேலை அசைந்தது. பருத்தி மடியோடு ஒருத்தி நிமிர்ந்து திரும்பினாள்.

"ஏட்டி, எம்புட்டு நேரம் வெயில்ல நிப்ப? எங்கிட்ட வாட்டி!"

தான் எழுதிய வரி, தான் பேசிய குரல். எல்லாம் தெரியும் ரேணுகாவுக்கு. ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"வாரேம்மா" என்றாள்.