மூன்று தட்டுக்கு வந்த கிளி

பொன்னேரி மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில் இறால் விற்கும் லூர்து என் தோளைத் தொட்டாள். "நர்சம்மா, தோணிக்கார ஆரோக்கியம் அண்ணன் போய்ட்டாரு" என்றாள். "எந்தக் கரைக்கு?" என்று கேட்டேன். பதினோரு வருடமாக அவர் தோணியில் போய் வந்தவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்ட பிறகுதான் உறைத்தது. அன்று காலை தோணியைக் கட்டும்போது மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். கயிறு கையிலேயே இருந்ததாம்.

முந்தின நாள் மாலைதான் என்னைப் பழவேற்காட்டுக் கரையில் இறக்கிவிட்டார். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை, வரமாட்டீங்க இல்ல?" என்று சிரித்தார். நாடி பிடிக்கவும் பிரஷர் பார்க்கவும் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த முகத்தில் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபம் என்மேல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவர் தோணியில் ஏறி இறங்கிய நீங்கள் எல்லாரும் அவரை நீளக் கழியும் தலைப்பாகையுமாக அறிவீர்கள். எனக்கு அவர் நெருங்கியது மீனா என்ற கிளியால். ஒரு மழைக்காலத்தில், பனைமரப் பொந்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு ஒன்றை மீன்கூடையில் போட்டு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார். காக்கை இரண்டு கண்ணையும் கொத்தியிருந்தது. உப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போட்டேன். "பார்வை வராது அண்ணே. இது பிழைக்கிறது கஷ்டம்" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு, "ஏரில மூடுபனி எறங்கிச்சுனா எனக்கு மட்டும் கண்ணு தெரியுதா இன்னா? நான் வீடு வந்து சேரலியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று பிறகுதான் புரிந்தது. மூடுபனிக் காலையில் கரையில் நிற்கிறவர்கள் தோணிப் பலகையைக் கட்டையால் மூன்று முறை தட்டுவார்கள். கொஞ்சம் நிறுத்தி, திரும்பவும் மூன்று. ஏரிக்குள் இருப்பவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே கரை சேருவார். மீனாவுக்கும் அதையே பழக்கினார். குடிசைக்குள் தூணுக்குத் தூண் கயிறு கட்டி, இரண்டு முனையிலும் பெரிய முடிச்சுப் போட்டார். முடிச்சு காலில் பட்டால் திரும்பி நடக்க வேண்டும். காலையில் விரலில் உட்காரவைத்து, கையை மெதுவாகத் தாழ்த்துவார். விழுந்துவிடுவோம் என்று அது சிறகடிக்கும். பத்துத் தடவை. "ஒக்காந்தே தின்னா ரெக்கை மரத்துப்பூடும். எனக்கும் ஒரு நாள் கழி போடலனா தோளு வலிக்குதே" என்பார். பிறகு பலகையில் மூன்று தட்டு. முதலில் ஒரு சாண் தூரம் தாண்டியது, அப்புறம் ஒரு முழம். மறு வருடம் குடிசையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பறந்தது. இறங்கியதும் அலகைத் திறக்கும். ஒரு வேர்க்கடலை கிடைக்கும்.

வீட்டில் ஒரு சாமான் இடம் மாறக்கூடாது. அவர் மனைவி மேரி ஒருமுறை தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைக்க, கிளி அதில் மோதி விழுந்தது. அன்று அவர் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. ஒருநாள் நான் பாட்டுக்குப் பின்னாலிருந்து அதன் கழுத்தைத் தடவ, விரலில் ரத்தம் வரக் கடித்துவிட்டது. மனுஷன் ஐயோ பாவம் என்றாவது சொன்னாரா? "சொல்லிட்டுத் தொடணும் நர்சம்மா. நீங்க சொல்லாம ஊசி குத்தினா நான் மட்டும் கடிக்கமாட்டேனா?" என்று சிரித்தார்.

ஆனால் ஒரு கவலை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மீனா அவர் தட்டினால் மட்டும்தான் வரும். மேரி தட்டினாலும் நான் தட்டினாலும் தலையைச் சாய்த்துக் கேட்கும், கயிற்றிலேயே இருந்துவிடும். மூன்று வருடம் மாலைதோறும் எங்களைத் தட்டச் சொல்லிப் பார்த்தார். "யாரு தட்றாங்கனு பாத்தா தோணி கரைக்கு வருது? எந்தக் கை தட்டினாலும் இது வரணும். எனக்கு ஒண்ணு ஆச்சுனா இது பட்டினி கெடந்தே செத்துப்பூடும்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். "ஐம்பது வயசில் என்ன பேச்சு இது" என்று அதட்டுவேன்.

மதியம் நான் பசியாவரம் போய்ச் சேர்ந்தபோது, உடலைக் கிடத்த இடம் வேண்டுமென்று கயிற்றை அறுத்துவிட்டிருந்தார்கள். மீனாவை மூலையில் விட்டு மேலே கூடையைக் கவிழ்த்திருந்தார்கள். காலையிலிருந்து யாரும் அதற்குத் தண்ணீர் வைக்கவில்லை. கல்லறை அக்கரையில் இருக்கிறது. பெட்டியைத் தோணியில் ஏற்ற வேண்டும் என்பதால் வீட்டிலேயே மூடினார்கள். பெட்டிக்குக் கிடைத்தது பழைய தோணிப் பலகை. தோணிகளுக்குப் பழுது பார்க்கும் ஆசாரிதான் அதைச் செய்திருந்தார். நான் கிளியின் பக்கம் குனிந்து, "மீனா, கூடையைத் தூக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கினேன். அதே நேரம் ஆசாரி முதல் ஆணியை அடித்தார். டக், டக், டக். அடுத்த ஆணியை எடுக்கக் கொஞ்சம் நிறுத்தினார். திரும்பவும் டக், டக், டக்.

மீனா என் கையைத் தாண்டிப் பறந்தது. அழுகையும் கூட்டமுமாக இருந்த வீட்டில் எதிலும் மோதாமல் நேரே போய் அந்தப் பெட்டியின் மூடிமேல் இறங்கியது. ஆசாரி ஓங்கிய சுத்தியலோடு நின்றுவிட்டார். மீனா ஆசாரியின் கைப் பக்கம் திரும்பி, அலகைத் திறந்து காத்திருந்தது. அந்த வீட்டில் அப்போது ஒரு வேர்க்கடலை இல்லை.

மேரி என் பக்கம் திரும்பினாள். "வேற கைக்கு வந்துட்ச்சு நர்சம்மா. அவரு இருந்து பாக்கலியே."

எத்தனையோ சாவு பார்த்தவள் நான். எனக்கு இன்றும் அது அதிசயமாகவோ ஆறுதலாகவோ தோன்றவில்லை. எதையும் சொல்லிவிட்டே செய்த மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்ற அதிர்ச்சிதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அந்த மூன்று தட்டுச் சத்தத்தை மேரியால் திரும்பக் கேட்கத் தாங்க முடியவில்லை. மீனாவை என்னிடம் கொடுத்துவிட்டாள். பழவேற்காட்டில் என் வாடகை வீட்டில் இப்போது கயிறும் முடிச்சும் இருக்கின்றன. குடம் ஒரே இடத்தில் இருக்கிறது. சுகாதார நிலையத்தில் யாருக்கு ஊசி போட்டாலும், "போடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான், அண்ணே. நீங்கள் போன எட்டாம் நாள் மாலை பலகையில் மூன்று தட்டுத் தட்டினேன். வந்தது. கடலையைக் கையிலேயே வைத்திருந்தேன்.