திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் ஆண்தான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணுடையது. அதனால் நான் அம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கியபோது எனக்கு முதலில் வந்த பிரச்சினை கரண்டோ ஈயமோ அல்ல, என் மனைவியின் உம்மாவாகிய மாமி. ஹோல் தரையில் வயர்களைப் பரப்பிக்கொண்டு நான் உட்கார்ந்தால் அவர் ஒரு சொல்லும் ஏச மாட்டார். தும்புத்தடியை எடுத்து வந்து, நான் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, என்னைச் சுற்றிக் கூட்டுவார். அதற்கு நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

நான் விடவில்லை. எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூட. அதோடு கல்முனையில் சாமான் வாங்கப் போன கடையில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, அதெல்லாம் கம்பனிக்காரன் செய்கிற வேலை, வீட்டில் சரிவராது என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஒரு வார்த்தைக்காகவே செய்து முடிப்பது என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

வேலை இதுதான். எங்கள் கணினியின் பின்பக்கம் சத்தம் வெளியே வர மூன்று துளைகள் இருந்தன. பச்சைத் துளையில் முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும், கறுப்பில் பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும், ஒரேஞ்சில் நடு ஸ்பீக்கருக்கும் நெஞ்சில் இடிக்கிற பெரிய பெட்டிக்கும் சத்தம் வரும். எல்லாம் எறும்பு கதைக்கிற மாதிரிச் சின்னச் சத்தம். அதை வாங்கிப் பெரிதாக்கி ஆறு இடத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பழுதான யூ.பி.எஸ் ஒன்றிலிருந்து ட்ரான்ஸ்போமரைக் கழற்றினேன். கைவிட்ட டீவிகளிலிருந்து ஸ்பீக்கர்களை எடுத்தேன். எல்லாவற்றையும் மாமியின் பெரிய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் அடக்கினேன். அந்த டின்னில் அவர் கிராம்பும் ஏலக்காயும் வைத்திருந்தார், நான் கேட்காமல்தான் எடுத்தேன். இன்றைக்கும் அம்ப்ளிஃபயர் சூடானால் ஹோலில் ஏலக்காய் மணக்கும்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வயரை மாற்றினேன், ஐசியை மாற்றினேன், கோபத்தில் டின்னின் மூடியைத் தூக்கி எறிந்தேன். மூடி நெளிந்தது, இரைச்சல் போகவில்லை. கடைசியில் யூடியூபில் யாரோ ஒருவர் சொன்னபடி, கண்ட இடத்தில் ஒட்டியிருந்த நெகட்டிவ் வயர்களை எல்லாம் பிடுங்கி ஒரே புள்ளியில் கொண்டுவந்து ஈயம் வைத்தேன். இரைச்சல் அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னது பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

பின் ஸ்பீக்கர் இரண்டையும் ஹோலின் பின்சுவரில் மாட்டிவிட்டு ஒரு படத்தைப் போட்டேன். படத்தில் மழை தொடங்கியது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் 'சோ' என்று கொட்டியது. குசினியில் நின்ற மாமி கையிலிருந்த அகப்பையோடு வளவுக்குள் ஓடிப்போய், கொடியில் காய்ந்த உடுப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே தீயாய் எரிக்கிற வெயில். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் பின்னேரமே மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்பீக்கர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, இதை வெட்டி மூடும்படி சொன்னார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

மாமா, அதாவது என் மனைவியின் வாப்பா, கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறார். இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இரண்டு வீடு கட்ட வேண்டும் என்று போனவர். வீடுகள் எழும்பின, அவரால்தான் அந்த வீடுகளில் இருக்க முடியவில்லை. மூத்தவளாகிய என் மனைவியின் நிகாஹ்வுக்கும் அவர் வரவில்லை. அன்று ஃபோனில்தான் துஆ ஓதினார். ஃபோன் ஆண்கள் பக்கமிருந்து கைமாறிக் கைமாறிப் பெண்கள் பக்கம் போய், என் மனைவியின் காதுக்குப் போய்ச் சேரும்போது லைன் அறுந்துவிட்டது. அதை அவள் இன்னும் மறக்கவில்லை. கல்யாண வீடியோவைப் போட்டால் அந்த இடம் வரும்போது எழுந்து போய்விடுவாள்.

இப்போது இளையவளுக்கு நிகாஹ். மாமாவுக்கு இந்த முறையும் லீவு கிடைக்கவில்லை. செய்தி வந்த அன்று இளையவள் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"மச்சான், ராத்தாக்கு நடந்த மாதிரி எனக்கு நடக்கப்படாது. வாப்பா ஓதுற துஆவ நான் எண்ட காதால கேக்கணும். உங்கட பெட்டியால ஏலுமா?"

ஏலும் என்றேன். அதுவும் எப்படிச் சொன்னேன்! இதற்கென்றே அளந்து செய்தது போல என்று சொன்னேன். ஏனென்றால் நிகாஹ் நாளில் எங்கள் ஹோலின் குறுக்கே ஒரு திரைச்சீலை கட்டுவார்கள். முன்பாதி ஆண்களுக்கு, பின்பாதி பெண்களுக்கு. என் முன் ஸ்பீக்கர்கள் ஆண்கள் பக்கம், பின் ஸ்பீக்கர்கள் பெண்கள் பக்கம், பெண்ணின் தலைக்கு மேலேயே வரும். இதைவிட என்ன வேண்டும்? நிகாஹ்வுக்கு முதல் நாள் திரைச்சீலையைக் கட்டிவிட்டு, அதே மழைப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். பின்னால் மழை கொட்டியது. திருப்தியாகப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் மாமாவின் தம்பியாகிய சாச்சா, வாப்பாவின் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுத்தார், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார், மௌலவி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் கணினியில் மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். மொனிட்டரில் மாமாவின் முகம் வந்தது. வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார், தாடியை ஒழுங்காக வெட்டியிருந்தார். அவர் சலாம் சொன்னது முன்பக்கம் கணீரென்று கேட்டது. எல்லோரும் பதில் சலாம் சொன்னார்கள். நான் காற்றில் மிதந்தேன்.

திரைச்சீலை விலகி என் மனைவியின் முகம் மட்டும் தெரிந்தது. "இஞ்சால ஒண்டும் கேக்கல்ல," என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படத்தில் பின்பக்கத்துக்கென்று தனியாகச் சத்தம் வைத்திருக்கிறார்கள். ஃபோன் கோலில் யார் அப்படி வைப்பார்கள்? மனிதக் குரல் முன் ஸ்பீக்கரில் மட்டும்தான் வருகிறது. மழை போட்டுச் சோதித்த மடையன், ஒரு கோல் போட்டுச் சோதிக்கவில்லை. பெண்கள் பக்கம் ஸ்பீக்கர் வைத்துவிட்டேன் என்று பெருமையடித்தேன், அங்கே குரல் போகாது என்பதை யோசிக்கவே இல்லை.

சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். கணினியின் மைக் முன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்ததால் 'கீ' என்று கூவியது. மாமா அங்கே காதைப் பொத்தினார், இங்கே மாப்பிள்ளையின் வாப்பாவும் பொத்தினார். உடனே குறைத்தேன். மாமா துஆவுக்குக் கையை ஏந்திவிட்டார். இந்த வீட்டின் இன்னொரு பெண்ணும் வாப்பாவின் துஆவைக் கேட்காமலே வாழப்போகிறாள் என்று நினைக்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

மேசைக்குக் கீழே புகுந்தேன். நான் செய்த டின்தானே, எந்த வயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கணினியின் பச்சைத் துளையிலிருந்து வந்த வயரை டின்னில் முன் ஸ்பீக்கருக்கான வாயிலிருந்து பிடுங்கி, பின் ஸ்பீக்கருக்கான வாயில் செருகினேன். இரண்டு பக்கமும் கேட்கச் செய்ய இன்னொரு வயர் வேண்டும். அது கையில் இல்லை. ஒரு பக்கம்தான் என்றால் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

முன்பக்கம் மௌனமாகிவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த சலசலப்பும் அடங்கியது. மொனிட்டரில் மாமாவின் உதடுகள் அசைந்தன, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சாச்சா குனிந்து, சத்தத்தைக் காணோமே என்று என் காதைக் கடித்தார்.

"அது போக வேண்டிய இடத்துக்குப் போகுது, சாச்சா," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெண்கள் பக்கமிருந்து "ஆமீன்" என்று வந்தது. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மௌலவி "ஆமீன்" என்றார், எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அப்படியே நடந்தது. அங்கே அவர்கள் சொல்வார்கள், கேட்டுக்கொண்டு நாங்கள் சொல்வோம். சாச்சாவும் சொன்னார், எல்லோரையும்விடச் சத்தமாக.

துஆ முடிந்து மாமா முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு வெப்கேமுக்குக் கிட்டே வந்து ஏதோ கேட்டார். "மகள், வாப்பா கதைக்கிறது கேக்குதா?" என்று கேட்டாராம். என் மனைவி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணப் பெண்ணின் குரல் ஆண்கள் சபைக்குக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. முன்னால் இருந்த எங்கள் யார் காதிலும் கேள்வி விழவில்லை, பதில்தான் விழுந்தது. எங்கள் பக்கமிருந்த மைக் வரைக்கும் எட்ட வேண்டும் என்று இளையவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஓம் வாப்பா, கேக்குது. இன்னும் கதைங்க."