உயிருடன் இருப்பவர்

என் சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அதை மிதிப்பார். பல வருடப் பழக்கத்தில் அவருடைய வலது கால் இப்போது அவர் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும், பிடிக்காத ஏதாவது காதில் விழுந்தால் தானாகத் தரையை அழுத்தும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவருக்குப் ‘பிரேக்கம்மா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும்.

என் அம்மாவைப் பற்றிய பேச்சு வந்தால் அந்தக் கால் கட்டாயம் அழுந்தும். அம்மா இறந்தபோது நான் மூன்று வயதுக் குழந்தை. பள்ளியில் சேரும் வயதில் சித்தி வந்தார். கூடத்தில் அம்மாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சித்தி அதைத் துடைப்பார், சாய்ந்திருந்தால் நேராக்குவார், முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். ஒரே ஒரு படம் என்பதால் இத்தனை வருடம் சமாளித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நூலகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

எங்கள் நூலகத்தின் இரண்டாவது மாடியில் உள்ளூர் வரலாற்றுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. பழைய செய்தித்தாள்கள், தெரு வரைபடங்கள், வாக்காளர் பட்டியல்கள், பள்ளி ஆண்டு மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். உறுப்பினர் அட்டை இருந்தால் வீட்டிலிருந்தும் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் நூலகர் வகுப்பு எடுப்பார்: குடும்பத்தின் பழைய தடங்களை எங்கே தேடுவது, கிடைத்ததை வைத்து ஓர் இணையதளத்தில் வம்சாவளிப் படம் எப்படிப் போடுவது என்று. சித்தி அதில் சேர்ந்தார். சனிக்கிழமை கார் பயிற்சிக்கு வரவேண்டியவர்கள் பாதிப்பேர் காரணம் சொல்லி வராமல் போவதால் அவருக்கு நேரம் இருந்தது.

அப்பா வழியிலிருந்து தொடங்கினார். அப்பாவின் தாத்தா வைத்திருந்த கடிகாரக் கடையை ஒரு பழைய தெரு வரைபடத்தில் கண்டுபிடித்தார்.

“என்னங்க, உங்க தாத்தா கடை மூலைக்கடைன்னு சொல்லிட்டே இருந்தீங்களே. மூலைல இருந்தது சலூன். அதுக்கு அடுத்ததுதான் உங்க கடை.”

“ஏதோ ஒண்ணு. மூலைக்குப் பக்கத்துல இருந்துச்சுல்ல?” என்றார் அப்பா.

சித்திக்கு இதெல்லாம் பெரிய சந்தோஷம். தேர்வு வைத்து மார்க் போடுகிறவர்களுக்கே உரிய சந்தோஷம். அடுத்து அப்பா படித்த பள்ளியின் ஆண்டு மலர்களைப் புரட்டப் போனார். அங்கே ஒரு பக்கத்தில், அதே பள்ளியில் படித்த என் அம்மா ஈரத் தலையோடு, கையில் ஒரு கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் கேட்டார். “உங்கம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியல சித்தி.”

“தெரியும். முதல் பரிசு.” குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் சொன்னார்.

அதன் பிறகு அவர் தாத்தாக்களைத் தேடவே இல்லை. அம்மாவைத்தான் தேடினார். வாரத்துக்கு ஒன்றாவது கிடைத்தது. பேச்சுப்போட்டியில் வென்றிருந்தாள். ஓவியக் கண்காட்சியில் அவள் வரைந்த படத்தை யாரோ பாராட்டி எழுதியிருந்தார்கள்.

“தெருவிளக்கு எரியலன்னு பேப்பருக்கு எழுதிப் போட்டிருக்கா,” என்றார் ஒரு நாள். அடுத்த வாரம் இன்னும் கடுப்பாக வந்தார். “விளக்கு எரிஞ்சிருக்கு. அதையும் பேப்பர்ல போட்டிருக்கான்.”

ஒவ்வொன்றையும் படியெடுத்து வந்து, “இந்தா, உங்கம்மா,” என்று என் மேசையில் வைப்பார். நான் எடுத்துக்கொள்வேன். நன்றி சொல்ல வாய் வராது. என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கூடத்துப் படம் மட்டும். இவரோ அவளை வாராவாரம் சந்தித்துவிட்டு வருகிறார். மூன்று வயதுக்குப் பிறகு எனக்குக் கிடைக்காதவள் இவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். சித்தி தன் பெயரைத் தட்டித் தேடினார். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வந்தது. எழுத்தை மாற்றிப் பார்த்தார். இன்னொரு மொழியிலும் போட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்பா அம்மா இல்லாமல் உறவினர் வீடு ஒவ்வொன்றாக மாறி மாறி வளர்ந்தவர் அவர். படிப்பு பாதியில் நின்றது. மாமா ஒருவர் ஓட்டிய லாரியில் உட்கார்ந்து வண்டி ஓட்டக் கற்றதுதான் அவர் தானாகப் பெற்ற ஒரே சொத்து.

“நம்மள எவன் போட்டோ எடுத்தான்,” என்று சொல்லிவிட்டுத் திரையை மூடினார். மேசைக்கு அடியில் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

நூலகத்தில் உள்ளூர்க் குடும்பங்களின் வம்சாவளிப் படங்களைச் சுவரில் வைக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். சித்தி எங்கள் குடும்பத்துடையதை ஏற்றி முடித்தார். ஏற்றியது இணையத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தவர் நேராக நூலகரிடம் போனார்.

“சார், என் பேரைக் காணோம்.”

“இருக்கே மேடம். இந்தச் சாம்பல் கட்டம் நீங்கதான்.”

“‘உயிருடன் இருப்பவர்’னு மட்டும் போட்டிருக்கு.”

“உயிரோட இருக்கறவங்க விவரத்தை வெளியில காட்டமாட்டாங்க மேடம். யாராவது எடுத்துத் தப்பா பயன்படுத்திடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.”

“அப்ப இவ?”

“அவங்க இறந்துட்டாங்க. அதனால எல்லாமே தெரியும்.”

“செத்தாத்தான் பேர் போடுவீங்களா?”

நூலகர் பொறுமைசாலி. “விதி அப்படி மேடம்,” என்றார்.

திரையில் அப்பா, சித்தி, நான் மூவரும் பெயரில்லாத சாம்பல் கட்டங்கள். அம்மா மட்டும் வண்ணத்தில், கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை சனிக்கிழமை உட்கார்ந்து படத்தைப் போட்டவர் சித்தி. அதில் குடியிருந்தது அம்மா.

நாலைந்து நாள் கழித்து, அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது அத்தையிடமிருந்து போன் வந்தது. அத்தை அப்பாவின் அக்கா, வெளியூரில் இருப்பவர். கையெல்லாம் நுரை என்பதால் அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

“எப்படிடா தாங்கிக்கிற? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியேடா,” என்று அத்தை அழுதார்.

“எதைக்கா?”

“உன் பொண்டாட்டி போயிட்டான்னு மெயில் வந்திருக்குடா. எத்தனை தடவை அவகிட்ட சண்டை போட்டிருப்பேன். நல்லவடா அவ.”

சித்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு வந்து நின்றார். “என்னை நல்லவன்னு சொல்றதுக்கு நான் சாகணுமா அண்ணி?”

அத்தையின் அழுகை நின்றது. “யாரு பேசறது?”

“செத்தவதான் பேசறேன்.”

“அப்படின்னா நல்லவன்னு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறேன்,” என்று அத்தை போனை வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். தன் கட்டத்தில் பெயர் தெரியவேண்டும் என்று சித்தி தனக்கே ஓர் இறந்த தேதியைப் போட்டுவிட்டார். பெயரும் படமும் பளிச்சென்று வந்துவிட்டன. முன்பே அத்தைக்கும் அந்தத் தளத்தில் அழைப்பு அனுப்பியிருந்தார்; மாற்றம் செய்தால் அவருக்கு மெயில் போகும் என்பது சித்திக்குத் தெரியாது. அத்தை அப்பாவைக் கூப்பிடும் முன்பே முகநூலில் சித்தியின் பக்கத்தில் இரங்கலும் எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, பயிற்சிக்கு வரும் இளைஞர் ஒருவர் மாலையில் பூங்கொத்தோடு வந்து மணியடித்தார். கதவைத் திறந்தது சித்தி.

இளைஞர் பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “நாளைக்குக் கிளாஸ் உண்டா மேடம்?”

“உண்டு. கிளட்சை மெதுவா விடப் பழகிட்டு வா. பூவைக் குடுத்துட்டுப் போ.”

ஏன் இப்படிச் செய்தாய் என்று அப்பா கேட்டபோது சித்தி பூங்கொத்தைத் தண்ணீரில் வைக்கப் போய்விட்டார். சனிக்கிழமை நூலகத்துக்குப் போகும் வழியில் என்னிடம் காரணத்தைச் சொன்னார். பயிற்சி வண்டியை நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் இருந்தார்.

“முதல்ல அவளைத்தான் எடுத்துடலாம்னு பார்த்தேன்.”

“அம்மாவையா?”

“ம். நீக்குன்னு அமுக்கினேன். இவரை நீக்கினா இவரோட பிள்ளைக்குத் தாய் இருக்கமாட்டார், சம்மதமான்னு கேட்டுது. உன் கட்டம் கீழ தனியா தொங்கும் போல. மனசு வரல. அதான், நானே போயிட்டேன்.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வண்டி சட்டென்று நின்றது. சிக்னல் சிவப்பில் இருந்ததை அவர் கால் பார்த்திருக்கிறது.

“ரோட்டைப் பாரு.”

ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். “அம்மாவைப் பத்தி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுது. எனக்கு உங்க மேல பொறாமையா இருக்கு.”

“உனக்கா?” என்று சிரித்துவிட்டார். “இது என்னடி கூத்து. எனக்கு அவ மேல, உனக்கு என் மேல. அவ பாட்டுக்கு நீந்திக்கிட்டிருக்கா.”

நூலகர் இறந்த தேதியை அழித்தார். “இனிமே சாகாதீங்க மேடம். இணையத்துலதான் அந்த விதி. சுவர்ல வைக்கறதுக்கு நீங்க சம்மதம் எழுதிக் கொடுத்தாப் போதும், பேரும் படமும் போட்டுடலாம்.”

சித்தி எழுதிக் கொடுத்தார். “அவ படத்தைவிட என் படம் கொஞ்சம் பெருசா வருமா சார்?”

“எல்லாம் ஒரே அளவுதான்.”

எந்தப் படம் கொடுப்பது என்று யோசித்தவர், அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டார். மாடியில் படித்துக்கொண்டிருந்த எல்லோரும் தலை தூக்கினார்கள்.

“என்னங்க, அவளுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?” அப்பா ஏதோ சொன்னார். “சைக்கிள்? சைக்கிள் கூடவா வராது? சரி, வைங்க.”

மறுநாள் காலை பயிற்சி வண்டியில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். வழக்கமாக உட்காரும் பக்கத்தில் உட்காரவில்லை. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார்.

இப்போது அந்தப் படம் நூலகச் சுவரில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டிலிருந்தும் கோடு இறங்கி என் கட்டத்தில் முடிகிறது. கண்காட்சி தொடங்கிய அன்று பார்க்க வந்த ஓர் அம்மாள், கோப்பையோடு நிற்பது யார் என்று சித்தியிடம் கேட்டார்.

“இவ முதல் பொண்டாட்டி. நீச்சல்ல முதல் பரிசு. பேச்சு, ஓவியம் எல்லாத்துலயும் கெட்டிக்காரி. தெருவுக்கே விளக்கு வாங்கிக் கொடுத்தவ,” என்றார் சித்தி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சைக்கிள் மட்டும் வராது.”